கிழட்டுக் கப்பலுக்கு மறுபிறவி: லாபம் யாருக்கு, ஆபத்து யாருக்கு?

(தூத்துக்குடியில் நடந்த தொழிற்சங்கப் பயிற்சி வகுப்பில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் வெல்டர்கள், ஃபிட்டர்கள், பெயிண்டர்கள். சிலர் சிங்கப்பூர் கப்பல் யார்டுகளில் பல வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பியவர்கள். சிலர் ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டுப் புறப்படக் காத்திருக்கும் தம்பிகள். உங்களிடம் ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசு என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தை விரித்து வைத்துப் பேசுவதைவிட, உங்கள் கையால் நடக்கிற ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பேசினால் விஷயம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

பழைய எண்ணெய்க் கப்பலை வெட்டி, ஒட்டி, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மிதக்கும் தொழிற்சாலையாக மாற்றுகிறார்களே, அந்த வேலைதான் இன்றைய விஷயம். அதில் தகடு பற்றவைத்தவன் இந்த அறையிலேயே இருக்கிறான். அந்தத் தகட்டுக்கு மேலே நின்று எண்ணெய் எடுப்பவன் பிரேஸிலில் இருக்கிறான். அந்த எண்ணெயின் லாபத்தை எண்ணுகிறவன் இந்த இரண்டு பேரையும் பார்த்ததே இல்லை. மூன்று பேரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

கப்பல் ஏன் மலிந்தது?

1967-ம் ஆண்டில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. எட்டு வருஷம் அது திறக்கவில்லை. வளைகுடா எண்ணெய் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதாயிற்று. தூரம் கூடினால் பெரிய கப்பல்தான் கட்டுபடியாகும். 2 லட்சம் டன், 3 லட்சம் டன் என்று ராட்சதக் கப்பல்களைக் கட்டித் தள்ளினார்கள். முதலாளித்துவ உற்பத்திக்குத் திட்டம் ஏது? எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டினார்கள். 1973-ல் எண்ணெய் விலை ஏறியது, வாங்குவது குறைந்தது. 1975-ல் சூயஸும் திறந்தது. கப்பல்கள் வேலையின்றி நின்றன.

இது முதல் அலை. அடுத்த அலை வேறு காரணத்தால் வந்தது. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கொட்டியது. 1999-ல் பிரான்ஸ் கரையருகே எரிகா, 2002-ல் ஸ்பெயின் கரையருகே பிரெஸ்டீஜ். கடற்கரை மக்கள் கொதித்து எழுந்தார்கள். ஒற்றைச் சுவர் கொண்ட எண்ணெய்க் கப்பல்களைப் படிப்படியாக ஒதுக்க வேண்டும், இரட்டைச் சுவர்க் கப்பல்தான் ஓட வேண்டும் என்று சர்வதேச விதி கடுமையாயிற்று. நூற்றுக்கணக்கான கப்பல்களுக்கு ஒரே சமயத்தில் வயது முடிந்தது.

வயது முடிந்த கப்பலுக்கு இரண்டு வழி. ஒன்று, குஜராத்தின் அலாங் கரையிலோ வங்கதேசத்தின் சிட்டகாங் கரையிலோ மணலில் ஏற்றி உடைப்பது. மற்றொன்று, ஓட்டத்தை நிறுத்தி, நங்கூரம் போட்டு, எண்ணெய் வயலின் தலைமேல் நிறுத்திவைப்பது. 1977-ல் ஸ்பெயினுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில், காஸ்டெல்லோன் வயலில், ஷெல் கம்பெனி ஒரு பழைய கப்பலை அப்படி நிறுத்தி வேலை தொடங்கியது. அன்று ஒன்று; பிறகு பிரேஸில், மேற்கு ஆப்பிரிக்கா, வடகடல், ஆஸ்திரேலியா, நம் காக்கிநாடாக் கடல் என்று எங்கும் பரவிவிட்டது.

கப்பல் எப்படித் தொழிற்சாலையாகிறது?

கடலடிக் கிணற்றிலிருந்து வருவது சுத்தமான எண்ணெய் அல்ல. எண்ணெயும் வாயுவும் உப்புத் தண்ணீரும் மணலும் கலந்த குழம்பு அது. கடற்தரையிலிருந்து வளையும் குழாய் வழியே அது மேலே வரும். கப்பலின் மேல்தளத்தில் பெரிய பாத்திரங்கள் இருக்கும். அவற்றில் வாயு மேலே பிரியும், தண்ணீர் கீழே தங்கும், நடுவில் எண்ணெய் நிற்கும். வாயுவை அழுத்தி மீண்டும் பூமிக்குள் செலுத்தலாம், அல்லது கரைக்கு அனுப்பலாம், அல்லது அந்தக் கப்பலின் மின்சாரத்துக்கே எரிக்கலாம். இயந்திரம் சரியில்லை என்றால் கோபுரத்தின் உச்சியில் வீணாக எரிப்பார்கள். பிரித்த எண்ணெய் பழைய சரக்குத் தொட்டிகளுக்குள் இறங்கும். சில நாளைக்கு ஒரு தடவை வேறொரு கப்பல் வந்து அதை வாங்கிக்கொண்டு போகும்.

காற்று திசை மாறினால் கப்பல் என்ன செய்யும்? கொந்தளிக்கும் கடல்களில் கப்பலின் முகப்பில் ஒரு பெரிய உருளையைப் பொருத்துகிறார்கள். டரட் என்பது அதன் பெயர். நங்கூரச் சங்கிலிகளும் குழாய்களும் அந்த உருளையில் கட்டப்பட்டிருக்கும்; அது அசையாது. அதைச் சுற்றிக் கப்பல் முழுவதும், செக்கைச் சுற்றும் மாடு மாதிரி, காற்றுக்கேற்பத் திரும்பும். எண்ணெய் ஒரு நிமிஷமும் நிற்காது.

மனித புத்தியின் அற்புதம் இது, சந்தேகமில்லை. இயந்திரத்தின்மேல் நமக்குக் கோபம் கிடையாது. கரை வரை குழாய் போட வேண்டாம். கடலடியில் கால் ஊன்றிய மேடை வேண்டாம். ஒரு வயல் வற்றினால் கப்பலை இன்னொரு வயலுக்கு இழுத்துப் போகலாம். பொதுச் சொத்தாக இருந்தால் ஏழை நாடு ஒன்று குறைந்த முதலீட்டில் தன் எண்ணெயைத் தானே எடுக்க உதவும் கருவி இது. அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது, யாருடைய உயிரைப் பணயம் வைத்து நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

தகட்டின் கனமும் லாபத்தின் கணக்கும்

ஓடுகிற கப்பல் சில வருஷத்துக்கு ஒரு முறையாவது உலர்துறைக்கு வரும். அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள், அரித்த தகட்டை மாற்றுவார்கள். நிறுத்திவைத்த உற்பத்திக் கப்பலோ 15 வருஷம், 20 வருஷம் இடத்தைவிட்டு நகராது. நகர்ந்தால் உற்பத்தி நிற்கும். ஆகவே மாற்றும்போதே அடுத்த இருபது வருஷத்துக்கும் தாங்குமாறு இரும்பு வேலை முடிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. பழைய கப்பலின் தகடுகளை அங்குலம் அங்குலமாகக் கருவி வைத்து அளக்க வேண்டும். எந்தத் தகடு மெலிந்தது, எந்தப் பற்றுவாயில் விரிசல் விழுந்தது என்று பார்த்து ஆயிரக்கணக்கான டன் இரும்பை மாற்ற வேண்டியிருக்கும். தொட்டியின் உட்புறத்தைச் சுரண்டி, மணலடித்து, புதுப் பூச்சு பூச வேண்டும். வேலை நாள் கூடக் கூட முதல் எண்ணெய் வரும் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நஷ்டம். "இந்தத் தகடு இன்னும் தாங்கும், விட்டுவிடு" என்ற வார்த்தை எங்கிருந்து பிறக்கிறது என்று இப்போது தெரிகிறதா? அதைச் சொல்கிற சூப்பர்வைசர் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவன் தலைக்கு மேலே தேதி தொங்குகிறது.

யார்டில் நடந்தது

1978 அக்டோபர் 12-ம் தேதி. சிங்கப்பூர் ஜூரோங் யார்டில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்க்க நின்றது. மத்தியானச் சாப்பாடு முடிந்து தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பெரும் வெடிச்சத்தம். 76 பேர் மாண்டார்கள். 69 பேர் காயமடைந்தார்கள்.

காரணம் என்ன? கப்பலின் சொந்த உபயோகத்துக்கான எரிபொருள் தொட்டி ஒன்று. கனமான எரிபொருள், சுலபத்தில் பற்றாது என்று எல்லோரும் நம்பினார்கள். அதிலே எளிதில் ஆவியாகும் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. காஸ் கட்டிங் வேலையின் சூடு அந்த ஆவியைப் பற்றவைத்தது. விசாரணையில் வெளிவந்த உண்மை இதுதான். "இந்தத் தொட்டியில் ஆபத்தில்லை" என்ற நம்பிக்கைக்கு 76 உயிர் விலை.

2004 மே 29-ல் அதே சிங்கப்பூரில், கெப்பல் யார்டில், அல்முதைனா என்ற எண்ணெய்க் கப்பலில் தீ. 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில் நிகோல் நெடுஞ்சாலை ரயில் சுரங்கப் பணியில் மண் சரிந்து 4 பேர் இறந்திருந்தார்கள். இத்தனை சாவுக்குப் பிறகே 2006-ல் அங்கே புதிய வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. சட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் யாரோ ஒரு தொழிலாளியின் பிணத்தின்மேல் எழுதப்பட்டது என்பதை மறக்காதீர்கள். அதனால் அந்தச் சட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அது நம்மவர்கள் கொடுத்த விலை.

அப்படியானால் சட்டப்படி நடக்க மறுத்தால் தொழிலாளி ஏன் எதிர்த்துக் கேட்பதில்லை? ஊரில் நிலத்தை அடகு வைத்தவன், அம்மாவின் நகையை விற்றவன் எப்படிக் கேட்பான்? அவனுடைய வேலை பர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. 2012 நவம்பரில் சிங்கப்பூரில் சீனாவிலிருந்து வந்த பஸ் டிரைவர்கள் கூலி வித்தியாசத்தை எதிர்த்து வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறை. 29 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பயம் காரணமில்லாமல் வருவதில்லை, தோழர்களே. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன்தான் வாயைக் கட்டும் முதல் கயிறு.

கடலில் நடந்தது

மாற்றிய கப்பல் யார்டைவிட்டுப் போய்விட்டால் ஆபத்து தீர்ந்ததா?

2015 பிப்ரவரி 11. பிரேஸிலின் எஸ்பிரிட்டு சாண்டு மாநிலக் கடலில் சிடாடே டி சாவ் மாத்தேயுஸ் என்ற உற்பத்திக் கப்பல். அதுவும் பழைய எண்ணெய்க் கப்பலை மாற்றியதே. கப்பலை நடத்தியது பி.டபிள்யூ. ஆஃப்ஷோர் என்ற தனியார் கம்பெனி, வேலை பெட்ரோப்ராஸுக்காக. கப்பலின் அடியில் இருக்கும் பம்ப் அறையில் எளிதில் ஆவியாகும் திரவம் கசிந்தது. வாயுமானி எச்சரித்தது. ஆட்களை வெளியே நிறுத்த வேண்டிய நேரத்தில் உள்ளே அனுப்பினார்கள். கசிவைப் பார்க்க ஒரு குழு, பிறகு மறுபடியும் ஒரு குழு. வெடித்தது. கப்பலில் இருந்த 74 பேரில் 9 பேர் மாண்டார்கள். 26 பேர் காயமடைந்தார்கள்.

பம்ப் அறை என்றால் என்ன? பழைய எண்ணெய்க் கப்பலின் வயிற்றில் இருக்கும் ஆழ்கிணறு. சரக்கு ஏற்றி இறக்கும் கப்பலுக்கு அதில் எப்போதாவது நெருக்கடியான வேலை. உற்பத்திக் கப்பலுக்கோ தினமும் ஓயாத வேலை. பழைய வயிறு, புதிய தீனி. மாற்றும்போது இதை யோசித்தாக வேண்டும்.

2022 பிப்ரவரி 2. நைஜீரியக் கரைக்கு அப்பால் டிரினிட்டி ஸ்பிரிட் என்ற உற்பத்திக் கப்பல் வெடித்துத் தீக்கிரையாகி மூழ்கியது. 1976-ல் கட்டிய கப்பல். அப்போது வயது 46. அதன் கம்பெனி கடனில் மூழ்கி ரிசீவரின் பொறுப்பில் இருந்தது. கப்பலில் பத்துப் பேர் இருந்ததாகக் கம்பெனி சொன்னது. மூவர் உயிருடன் கிடைத்தார்கள். சடலமாகக் கிடைத்தவர்களும் உண்டு. முதலாளி திவாலானால் பாங்குக் கணக்கை மூடலாம். நடுக்கடலில் நிற்கும் கப்பலை யார் மூடுவது?

யேமனில் நடந்ததையும் கேளுங்கள். சாஃபர் என்ற கப்பலும் 1976-ல் ஜப்பானில் கட்டியதுதான். 1980களின் இறுதியில் அதை எண்ணெய் சேமிக்கும் மிதக்கும் கிடங்காகச் செங்கடலில் நிறுத்தினார்கள். 2015-ல் யுத்தம் மூண்டது, பராமரிப்பு நின்றது. தொட்டிகளில் 11 லட்சம் பீப்பாய்க்கு மேல் கச்சா எண்ணெய். தொட்டிக்குள் ஆக்ஸிஜனைக் குறைத்துத் தீயைத் தடுக்கும் மந்த வாயுக் கருவியும் செயலிழந்தது. எட்டு வருஷம் அது செங்கடல் மீனவர்களின் தலைக்கு மேல் தொங்கிய கத்தி. 2023 ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்டு 11 வரை ஐக்கிய நாடுகள் சபை முன்னின்று அந்த எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றியது. அதற்குப் பல நாட்டு சர்க்கார்களும் சாதாரண மக்களும் பணம் போட்டார்கள். எண்ணெயில் சம்பாதித்த காலத்தில் லாபம் சிலருக்கு; ஆபத்து வந்தபோது செலவு உலகத்துக்கு!

எண்ணெய் யாருடையது?

தென்னமெரிக்காவின் வடகோடியில் கயானா என்ற சிறிய நாடு. நம் நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் பெருந்தொகையாக வாழும் நாடு. சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்தின் மகன் செட்டி ஜெகன். 1953-ல் மக்கள் ஓட்டில் ஜெயித்து ஆட்சி அமைத்தார். 133 நாளில் பிரிட்டிஷ் சர்க்கார் பட்டாளத்தை இறக்கி அரசியல் சட்டத்தையே முடக்கிவிட்டது.

அந்த நாட்டின் கடலில் எண்ணெய் கிடைத்தது. சிங்கப்பூர் கெப்பல் யார்டில் பழைய ராட்சதக் கப்பல் ஒன்றை மாற்றினார்கள். லிசா டெஸ்டினி என்று பெயர். அந்த யார்டில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். 2019 டிசம்பர் 20-ல் கயானாவின் முதல் எண்ணெய் அந்தக் கப்பலில்தான் ஏறியது.

இனி 2016-ல் எக்ஸான் கூட்டணியோடு செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். 100 பீப்பாய் எடுத்தால் 75 பீப்பாய் வரை கம்பெனிகள் "செலவு" என்று எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் 25-ல் ஆளுக்குப் பாதி. கயானாவுக்குப் பன்னிரண்டரை. அதோடு உரிமைத்தொகை 2. ஆகப் பதினாலரை! செலவுக் கணக்கு அந்த உச்சியில் நிற்கும்வரை, மண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு நூற்றுக்குப் பதினாலரை. ஜெகன் நிறுவிய கட்சியே 2020-ல் ஆட்சிக்கு வந்த பிறகும் அந்த ஒப்பந்தம் மாறவில்லை. 1953-ல் பட்டாளம் செய்ததை இப்போது கையெழுத்துச் செய்கிறது.

பிரேஸிலிலே மாற்று அனுபவம் இருக்கிறது. "எண்ணெய் நம்முடையது" என்று மக்கள் நடத்திய கிளர்ச்சியில் கம்யூனிஸ்டுகளும் முன்னணியில் நின்றார்கள். அதன் பலனாக 1953-ல் பெட்ரோப்ராஸ் பிறந்தது. 2006 ஏப்ரலில் பி-50 என்ற மாற்றுக் கப்பல் உற்பத்தி தொடங்கியபோது, எண்ணெயில் தன்னிறைவு கண்டோம் என்று நாடு கொண்டாடியது. ஆனால் பொதுத்துறையைச் சுற்றிலும் தனியார் வாடகைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. வாடகை இருக்கும் இடத்தில் லஞ்சம் வராமல் இருக்குமா? கெப்பலின் கடல்சார் கம்பெனி, 2001 முதல் 2014 வரை பிரேஸில் ஒப்பந்தங்களுக்காக ஏறத்தாழ 5½ கோடி டாலர் லஞ்சம் போன விவகாரத்தில், 42 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. இது அமெரிக்க நீதித்துறையின் பதிவேட்டில் இருக்கும் விஷயம். வெல்டருக்கு ஓவர்டைம் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறவர்களிடம் லஞ்சத்துக்குக் கோடிகள் இருந்தன!

நம் நாட்டில் என்ன நிலைமை? நம் பூமியில் எண்ணெய் தேடும் வேலையை அந்நியக் கம்பெனிகளிடம் விட்டுவிடக் கூடாது என்று 1950களில் வாதாடி ஓ.என்.ஜி.சி.யை வளர்த்தார்கள். சோவியத் நிபுணர்கள் கைகொடுத்தார்கள். 1960-ல் அங்கலேஷ்வரில் எண்ணெய் பீறிட்டது. அந்த ஓ.என்.ஜி.சி. 2024 ஜனவரி 7-ல் காக்கிநாடாவுக்கு அப்பால் ஆழ்கடலில் முதல் எண்ணெய் எடுத்தது. பெருமைதான். ஆனால் எந்தக் கப்பலில்? தனியார் கூட்டுக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கப்பலில். கப்பல் கட்டும் தளமும் தேர்ந்த வெல்டர்களும் உள்ள இந்த நாடு ஏன் தன் கப்பலைத் தானே மாற்றி, தானே நடத்தக் கூடாது? இங்கே வேலை இருந்தால் இந்தத் தம்பிகள் கடன் வாங்கிக்கொண்டு ஏன் கடல் கடக்க வேண்டும்?

நாம் செய்ய வேண்டியது

முதலில் புறப்படப் போகும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை.

தொட்டிக்குள் இறங்குமுன் வாயு பார்த்தார்களா என்று கேளுங்கள். மேலே மட்டும் அல்ல, அடியிலும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில்தான் தேங்கும். காலையில் பார்த்தது மத்தியானத்துக்கு உதவாது. சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பற்றவைக்கும் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஸ்பைரோஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால் மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள். ஒரு சாவு மூன்று சாவாவது அப்படித்தான். இதைச் சொல்லும்போது மனசு கனக்கிறது. விழுந்தவன் நம் ஊர்க்காரனாக இருப்பான். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

தனியாகக் கேட்டால் "வாயாடி" என்று ஊருக்கு அனுப்புவார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வாயுமானி வரும். தமிழனும் வங்காளியும் சீனனும் ஒரே தொட்டிக்குள்தான் இறங்குகிறார்கள். வெடிக்கும் ஆவிக்குப் பாஷை தெரியாது. முதலில் அந்த மூன்று பேரும் ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொள்ளுங்கள். ஒற்றுமை அங்கேதான் ஆரம்பம்.

நம் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. வெளிநாடு போகிறவன் ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினான் என்று ஊர் ஊராகக் கணக்கு எடுக்க வேண்டும். அந்தக் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் சுமத்தக் கூடாது என்று போராட வேண்டும். ஆழ்கடல் எண்ணெய்க் கப்பல்களைப் பொதுத்துறையே சொந்தமாக வைத்து, நம் தளங்களிலேயே கட்டவும் மாற்றவும் வேண்டும் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு மிதக்கும் கப்பலுக்கும், அதன் கடைசி நாளில் பத்திரமாக அகற்றுவதற்கான பணத்தை முதல் நாளிலேயே கட்டச் சொல்ல வேண்டும். வாடகைக் கப்பலில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே பாதுகாப்பு, ஒரே சங்கம் வேண்டும்.

தோழர்களே! உடைக்கும் கரைக்குப் போக வேண்டிய கிழட்டுக் கப்பலுக்கு இருபது வருஷம் ஆயுள் கொடுக்கும் சக்தி நம் கைக்கு இருக்கிறது. அந்தக் கைகளுக்கே ஆயுள் உத்தரவாதம் இல்லை என்றால் அது என்ன நியாயம்? இரும்புக்கு மறுபிறவி கொடுத்தவர்கள் ஒன்றுபட்டால், இந்த நியாயத்தை மாற்றவும் முடியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய தோழர்கள் முதலில் பேசட்டும். அவர்கள் கண்டதை நாமெல்லாம் கேட்போம்.